சந்தைக்கு இன்னைக்கு என்ன வந்திருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வீட்டுச் சமையல் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமையலைக் கேட்கவில்லை, காய் வாங்குவதைத்தான் கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏனென்றால் நல்ல குழம்பு பாதி சந்தையிலேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: அக்கா, கல்யாணம் ஆகி ஏழு மாசம் ஆகிறது. ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். காய் எல்லாம் போனில் ஆர்டர் செய்துதான் வாங்குகிறோம், பாதி வாடிப் போய் வருகிறது. பக்கத்திலேயே உழவர் சந்தை இருக்கிறது. ஒருநாள் போனேன், கூட்டத்தைப் பார்த்து எதை வாங்குவது என்றே தெரியாமல் தக்காளி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: தங்கச்சி, நீ திரும்பி வந்த அந்தச் சந்தை சாதாரணச் சந்தை இல்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை உங்கள் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14ஆம் தேதி தொடங்கினார்கள். விளைவித்தவரே நேரில் கொண்டுவந்து விற்க வேண்டும், நடுவில் ஆள் கூடாது என்பதுதான் ஏற்பாடு. விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், அதனால் பேரம் பேசத் தெரியவில்லையே என்ற பயம் உனக்கு வேண்டாம். உள்ளே போனதும் முதலில் அந்தப் பலகையைப் படி. எது விலை இறங்கியிருக்கிறதோ அதுதான் அந்த வாரம் நிறைய விளைந்த காய், ருசியும் அதில்தான் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு என்று எழுதிக்கொண்டு சந்தைக்குப் போகாதே. வெறும் பையோடு போ, என்ன வந்திருக்கிறது என்று ஒரு சுற்று முழுக்கப் பார், எதையும் வாங்காமல் பார். ரெண்டாவது சுற்றில் வாங்கு. என்ன சமைப்பது என்பதைப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துக்கொள்ளலாம். நான் புதிதாகக் குடித்தனம் வந்தபோது எழுதிக்கொண்டு போன சீட்டில் இருந்த பீன்ஸுக்காக மூன்று கடை அலைந்து, முற்றிப்போன பீன்ஸை வாங்கி வந்தேன். பக்கத்துக் கடையில் பிஞ்சு அவரைக்காய் குவிந்து கிடந்தது, சீட்டில் இல்லை என்பதால் கண்ணிலேயே படவில்லை.

வாங்குவதில் ஒரு வரிசை வைத்துக்கொள். வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடியும் என்றால் கீரை ஒரு கட்டுக்கு மேல் எடுக்காதே, அதை அன்றைக்கே சமைத்துவிடு. அடுத்த ரெண்டு நாளுக்கு வெண்டை, கத்தரி, புடலை. அதற்கடுத்து அவரை, கொத்தவரை, பீர்க்கை. வாரக் கடைசிக்குப் பூசணி, சேனை, உருளை, கேரட், சின்ன வெங்காயம். கேரட்டும் பீன்ஸும் கொடைக்கானல் மலையிலிருந்து வருகிறவை, வெண்டையும் கத்தரியும் சுற்றுவட்டார ஊர்க்காட்டுக் காய். எது எங்கிருந்து வருகிறது என்று விற்கிறவரிடமே கேள், ஆசையாகச் சொல்வார்கள்.

பார்த்து வாங்குவது பழக்கத்தில்தான் வரும். கத்தரிக்காய் காம்பு பச்சையாக இருக்கவேண்டும், தோல் பளபளவென்று இருக்கவேண்டும், அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். முருங்கையை லேசாக முறுக்கிப் பார், வளைந்து கொடுத்தால் பிஞ்சு. சுரைக்காயில் நகம் இறங்கவேண்டும். தேங்காயைக் காதருகே ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேள். வெண்டைக்காய் நுனியை மட்டும் ஒடித்துப் பார்க்காதே தங்கச்சி. நீ ஒடித்துப் போட்டதை அடுத்த ஆள் வாங்கமாட்டார், அந்த நஷ்டம் விடியக்காலையில் பறித்துக்கொண்டு பஸ் ஏறி வந்த அந்த அம்மாவுக்குத்தான். விரலால் தடவினாலே பிஞ்சு தெரியும்.

காலையில் சீக்கிரம் போகவேண்டும். ஏழு மணிக்குள் போய்விட்டால் நல்லது, மதியத்துக்குள் சந்தை கலைந்துவிடும். ஒரே கீரைக்கார அம்மாவிடம் நாலு வாரம் வாங்கிப் பார், ஐந்தாவது வாரம் உனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்திருப்பார், கறிவேப்பிலை கேட்காமலே கொசுறாக வந்து விழும். போனில் வாங்கினால் இது எங்கே கிடைக்கும்?

கேள்வி: வணக்கம்மா. வில்லாபுரத்தில் ஒரு ரூமில் தனியாக இருக்கிறேன். ஒற்றை அடுப்பு, பிரிட்ஜ் கிடையாது. மூணு வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டுப்போச்சு. நானே சமைக்கலாம் என்று பார்க்கிறேன், ஆனால் ஒரு ஆளுக்கு வாங்கினால் மிஞ்சி வீணாகிறது.
(வாசகர், வில்லாபுரம்)

பதில்: தம்பி, பிரிட்ஜ் இல்லாத வீட்டில்தான் நம் பாட்டிமார்கள் எல்லாம் சமைத்தார்கள், அவர்களுடைய சமையலே உனக்குச் சரியாக வரும். வாரத்தில் ஒருநாள் பூண்டுக் குழம்பு வை. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துக்கொள். சட்டியில் நல்லெண்ணெய் மூணு ஸ்பூன் தாராளமாக ஊற்றி, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து பல் பூண்டும் அதே அளவு சின்ன வெங்காயமும் போட்டு நிறம் மாறும்வரை வதக்கு, இதில் மட்டும் அவசரப்படாதே. ரெண்டு ஸ்பூன் குழம்புத் தூள், கொஞ்சம் மஞ்சள், உப்பு, புளித்தண்ணீர். எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை கொதிக்கட்டும், இறக்கும்போது சின்னத் துண்டு கருப்பட்டி. புளியும் எண்ணெயும் இருப்பதால் மறுநாளும் நன்றாக இருக்கும், உண்மையில் மறுநாள்தான் ருசி. காலையும் மாலையும் ஒரு கொதி விட்டு வைத்துவிடு, ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதே.

காய் வாங்குவதற்கு, சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் தெருவோரத்தில் கூறு கட்டி விற்கிறவர்களிடம் போ. ஒரு கூறு ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்குவதால்தான் வீணாகிறது. ரெண்டு வாழைக்காய், ஒரு சின்னப் பீர்க்கங்காய், நாலு தக்காளி, இப்படி எண்ணி வாங்கினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பீர்க்கங்காயின் தோலைச் சீவித் தூர எறியாதே, உளுத்தம்பருப்பும் வற்றலும் வறுத்து, தோலை வதக்கி, புளி ஒரு துளி வைத்து அரைத்தால் துவையல், உள்ளே இருக்கும் சதை கூட்டு. ஒரு காயில் ரெண்டு வேளை முடிந்தது.

கேள்வி: சித்திரை வெயிலில் இட்லி மாவு ஒரே ராத்திரியில் புளித்துப் பொங்கி வழிந்துவிடுகிறது. கடை மாவு வாங்க மனசில்லை. என்ன செய்வது?
(வாசகி, திருநகர்)

பதில்: கடை மாவு வாங்க மனசில்லை என்று எழுதியதற்கே உங்களைப் பாராட்டவேண்டும். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம், இந்தக் கணக்கை மாற்ற வேண்டாம். மாற்றவேண்டியது நேரமும் தண்ணீரும்தான். மாவைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், வெக்கையில் அவை வேகமாக வேலை செய்யும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கிற வேலையை மதுரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே முடித்துவிடும். அதனால் ராத்திரி ஏழு மணிக்கு அரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். படுக்கும் முன் பத்து, பதினொரு மணிக்கு அரையுங்கள். முடியாது என்றால் பாதி மாவை அரைத்த உடனேயே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், அது ரெண்டு நாள் கழித்து எடுத்துப் புளிக்க வைக்க.

கிரைண்டரில் உளுந்து ஆடும்போது ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள், கல் சூடானால் மாவும் சூடாகி அங்கேயே புளிப்பு ஆரம்பித்துவிடும். உளுந்தில் இருக்கும் அந்த வழவழப்புதான் புளிக்கும்போது வரும் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு இட்லியை உப்ப வைக்கிறது, அதனால் உளுந்தை மட்டும் பொறுமையாக ஆட்டவேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும். உப்பைக் குளிர்காலத்தில் புளித்த பிறகு போடலாம், வெயில் காலத்தில் அரைத்தவுடன் போட்டுவிடுங்கள், உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். அப்படியும் புளித்துவிட்டதா, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக வெட்டிப் போட்டு ஊத்தப்பமாக ஊற்றுங்கள், அந்தப் புளிப்புக்கென்றே அது ஏற்பட்டது.

கேள்வி: பாக்கெட் பொடியை விட்டுவிட்டு வீட்டிலேயே குழம்புத் தூள் அரைக்க ஆசை. அளவு சொல்லுங்கள் அக்கா.
(வாசகி, மேலூர்)

பதில்: மல்லி அரைக் கிலோ, மிளகாய் வற்றல் கால் கிலோ, துவரம்பருப்பு நூறு கிராம், கடலைப்பருப்பு ஐம்பது, மிளகு ஐம்பது, சீரகம் ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, விரலி மஞ்சள் ஐம்பது. மிளகாயில் பாதி நீட்டு, பாதி ராமநாதபுரம் குண்டு மிளகாய் என்று கலந்து பாருங்கள், குண்டு மிளகாயில் ஒரு வாசனை உண்டு, அது குழம்பில் தனியாகத் தெரியும். மதுரைக்கு வருகிற வேலை இருந்தால் கீழமாசி வீதிக்கு ஒரு நடை போய்விடுங்கள், மளிகை மொத்தக் கடைகள் நிறைந்த தெரு, மல்லியைக் கையில் எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்து வாங்கலாம். வாசனை எழும்பவில்லை என்றால் பழைய சரக்கு, அடுத்த கடை.

மாசி, பங்குனியில் செய்தால் நல்லது. புது மிளகாயும் புதுப் புளியும் வரும் காலம் அது, வெயிலும் காய வைக்கத் தோதாக இருக்கும். மிளகாயையும் மல்லியையும் ரெண்டு நாள் மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காய வையுங்கள், மற்றதை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் தனித்தனியாக வறுங்கள். மில்லுக்குப் போனதும் வரிசையில் உங்களுக்கு முன்னால் இருப்பவர் என்ன அரைக்கிறார் என்று கேளுங்கள். அவரும் மிளகாய் அரைத்தால் பரவாயில்லை. சீயக்காய் என்றால் இன்னும் ரெண்டு பேர் போகட்டும் என்று ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஒருமுறை அவசரத்தில் அதைக் கவனிக்காமல் அரைத்து, அந்த வருஷத்துத் தூள் முழுக்க எனக்குப் பிடிக்காத ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. சூடாக வரும் தூளை அப்படியே டப்பாவில் அடைக்காமல் பேப்பரில் பரப்பி ஆறவிட்ட பிறகு எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும்.

கேள்வி: கண்மாய் மீன் நல்லதா, கடல் மீன் நல்லதா?
(வாசகர், கொட்டாம்பட்டி)

பதில்: அண்ணே, உங்கள் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துகிறதே, அந்த விரால் கிடைக்கும்போது நான் கடல் மீனைத் தேடவே மாட்டேன். மண் வாடை போகக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள். மற்ற நாளில் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்து மீன் வாங்கும்போது கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அமுக்கினால் குழி விழாமல் இருக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் அப்பத்தா அதலைக்காய் வறுவல் செய்வாள். அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் காய் கிடைக்கிறதா? என் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.
(வாசகி, டி.கல்லுப்பட்டி)

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள் தாயி! அதலைக்காயை யாரும் பாத்தி கட்டிப் பயிர் செய்வதில்லை, மழை விழுந்ததும் கரிசல் காட்டில் அதுவாகவே கொடி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் காட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து சந்தை ஓரத்தில் சாக்கு விரித்து விற்பார்கள். பெரிய கடையில் தேடினால் கிடைக்காது, தரையில் உட்கார்ந்து விற்பவர்களிடம் தேடவேண்டும். ரெண்டு முனையும் கூம்பி, மேலே வரி ஓடி, விரல் நீளம்கூட இருக்காது. வாங்கிய அன்றே சமைக்கவேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும்.

காம்பையும் வாலையும் கிள்ளிவிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கி, பிறகு காயைப் போட்டு மூடாமல் சிறு தீயில் சுருள வதக்குங்கள். மிளகாய்த் தூள், உப்பு, ஒரு கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், கடைசியில் துளி வெல்லம். கசக்கத்தான் செய்யும், பாகற்காய்க் கசப்பு இல்லை, வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு முதல் தடவை பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, ஓரத்தில் ரெண்டே ரெண்டு காய் வையுங்கள். இந்த ஐப்பசியில் சந்தைக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தச் சாக்கைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.