உள்ளே இருப்பதா, வெளியே நிற்பதா?

கேள்வி: எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்காதபோது ஆட்சியமைக்க யாரை அழைப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? சில கட்சிகள் அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தருகின்றனவே, அது சரியான முறையா?

பதில்: நம் அரசமைப்புச் சட்டம் இதற்கென விரிவான விதி எதையும் வகுக்கவில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 75ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி ஆட்சி நடத்தத் தேவையான பெரும்பான்மை யாருக்கு இருக்கக்கூடும் என்று முதலில் கணிக்கும் வேலை மத்தியில் குடியரசுத் தலைவருக்கும் மாநிலங்களில் ஆளுநருக்கும் வந்து சேர்கிறது. மத்திய, மாநில அரசுகளின் உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் ஆளுநர்களுக்காக ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது. தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்கு முதலிடம். பிறரின் ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி அடுத்தது. தேர்தலுக்குப் பின் சேர்ந்து, எல்லாக் கட்சிகளும் அமைச்சரவையில் பங்கேற்கும் கூட்டணி மூன்றாவது. சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்கும் கூட்டணி கடைசி. யாரை அழைத்தாலும், பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டிய இடம் சபைதானே தவிர ஆளுநர் மாளிகை அல்ல என்பதை 1994இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

வெளியிலிருந்து வரும் ஆதரவுக்கு ஆணையம் ஏன் கடைசி இடம் தந்தது என்பதற்குப் பின்னர் நடந்தவையே சான்று. காங்கிரஸின் ஆதரவை நம்பி 1990 நவம்பரில் பிரதமராகப் பதவியேற்ற சந்திரசேகர் மறு ஆண்டு மார்ச்சில் பதவி விலக நேர்ந்தது. அதே கட்சி ஆதரவை விலக்கியதால் 1997 ஏப்ரலில் தேவ கவுடாவும் நவம்பரில் குஜ்ராலும் பதவி இழந்தனர். அரசின் நல்லது கெட்டதுக்கு மக்களிடம் பதில் சொல்லும் கடமை இல்லாமல், அதன் ஆயுளை மட்டும் கையில் வைத்திருக்கும் ஏற்பாடு இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஆனாலும் வெளியே நிற்பவர்களுக்கு நியாயமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 2004இல் மன்மோகன் சிங் அரசை ஆதரித்த இடதுசாரிகள் கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் காங்கிரஸை எதிர்த்தே வென்று வந்தவர்கள். அதன் அமைச்சரவையில் போய் அமர்ந்தால் தங்கள் வாக்காளர்களுக்கு என்ன விளக்கம் சொல்லியிருப்பார்கள்? அந்த அரசு நான்கு ஆண்டுகள் அவர்கள் துணையோடு நடந்ததற்கு, தொடக்கத்திலேயே எழுதி வைத்த குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். ஊரக வேலைவாய்ப்புக்கு ஆண்டில் 100 நாள் உறுதி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. 2005இல் அது சட்டமானது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தமோ அந்தத் தாளில் இல்லாத விஷயம். அதில்தான் உறவு முறிந்து, 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினர். ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்ற கணக்கில், சமாஜ்வாதி கட்சியின் கைகொடுப்பால் அரசு தப்பியது.

ஜெர்மனியில் இருப்பது போன்ற ஒரு விதி நமக்கும் வேண்டும் என்பது என் விருப்பம். அங்கே கூட்டணி ஒப்பந்தம் நூறு பக்கங்களைத் தாண்டும் ஆவணமாகவே வெளியிடப்படுகிறது. அதைவிட முக்கியமாக, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் பதவியில் இருக்கும் சான்சலரை, அதாவது அந்நாட்டு அரசின் தலைவரை, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நாடாளுமன்றம் இறக்க முடியாது. 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட்டைப் பதவியிலிருந்து இறக்கிய அதே வாக்கெடுப்பில்தான் ஹெல்முட் கோல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.