பால்வாடிக்கு வராத பிள்ளையை யார் எண்ணுவது?

கேள்வி பதில் பகுதி. இந்த இதழில் பதில் சொல்பவர், அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து, பிறகு குழந்தைப் பருவக் கொள்கை ஆய்வுக் குழுக்களை நடத்தியவர். வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பிள்ளைகள் நலத்தில் தமிழ்நாடு முன்னணி என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு ஏற்றத்தாழ்வு, சமநீதி என்று ஓர் ஆய்வு? அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு முட்டை போடலாமே?
வாசகர், தருமபுரி

தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. முன்னணி என்பதும் பொய்யில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். சரி, அந்த 25 எந்தத் தெருவில் இருக்கிறது? அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அதே கணக்கெடுப்பில், இந்திய அளவில் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 46 சதவீதம். மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 23. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டு வீடுமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நான் மேற்பார்வை பார்த்த ஊர்களில் ஒன்று மலையடிவாரத்தில் இருந்தது. அங்கன்வாடி மையம் ஊர்த்தெருவில், ரேஷன் கடைக்குப் பக்கத்தில். பதிவேடு சுத்தமாக இருக்கும், வருகையும் நன்றாக இருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. அங்கிருந்த பிள்ளைகளின் பெயரே பதிவேட்டில் கிடையாது. பெயர் இருந்தால்தானே 'வரவில்லை' என்று குறிக்க முடியும்? அம்மாக்கள் விடிந்ததும் களையெடுக்கப் போய்விடுவார்கள். மையம் திறப்பது அதற்கப்புறம். மூன்று வயதுப் பிள்ளையை ஓடை தாண்டிக் கூட்டி வர ஆள் இல்லை. ஒரு வீட்டில் பாட்டிக்குக் கண் தெரியாது, இன்னொரு வீட்டில் அக்காவுக்கே ஏழு வயது. மேலதிகாரிகளுக்குப் போன அறிக்கையில் அந்த மையம் 'சிறப்பு'. நீங்கள் சொன்ன இரண்டு முட்டையும் ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குத்தான் போயிருக்கும்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளாவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளுக்கு முன்னுரிமை. ஆனால் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிக் காட்ட வேண்டுமே. நீங்கள் வீண் என்று நினைக்கிற ஆய்வின் முதல் வேலை இந்த எண்ணிக்கைதான்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். பதிவேடுகள், கைபேசிச் செயலி, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்கு மாவு, தேர்தல் வேலை எல்லாம் என் தலையில்தான். பாட்டுச் சொல்லிக்கொடுக்க நேரமே இல்லை. வருகிற ஆய்வாளர்களும் எங்களைத்தான் குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்குச் சாதகமாக ஏதாவது ஓர் ஆய்வு வந்திருக்கிறதா?
பணியாளர், விருதுநகர் மாவட்டம்

வந்திருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் மாநில அரசோடு சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார்கள். 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியை, அதாவது 160 மையங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 160இல் மட்டும் கூடுதலாக ஓர் ஆள். அரைநாள் வேலை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் பொறுப்பு. மற்ற 160 மையங்கள் வழக்கம்போல ஒரு பணியாளர், ஓர் உதவியாளரோடு நடந்தன. புதுக் கட்டடமோ டேப்லெட்டோ எதுவும் தரவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஆள் போட்ட மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கு, மொழி இரண்டிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். மையத்தில் வைத்துச் சோதித்ததோடு நிற்காமல் வீட்டுக்கே போயும் சோதித்தார்கள். மையத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளும் கணக்கில் சேர வேண்டும் அல்லவா, அதற்காக. வீட்டில் கண்ட முன்னேற்றம் சிறியது, ஆனாலும் இருந்தது. ஆய்வாளர்களின் நேர்மைக்கு இது ஒரு நல்ல அடையாளம் என்று நான் நினைக்கிறேன். மையத்துக் கணக்கை மட்டும் போட்டிருந்தால் படம் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்த முடிவு வேறு. புதிதாக வந்தவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால், பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து, உடல்நலம், நிர்வாக வேலைகளுக்குக் கை ஒழிந்தது. விளைவு, அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்தார்கள். பாடம் சொல்ல ஓர் ஆளைப் போட்டதில் பிள்ளைகளின் உயரமும் எடையும் மேம்பட்டன. செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் போட்டார்கள்: இந்தப் பிள்ளைகள் பின்னாளில் கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடியது, செலவைப் போல 13 முதல் 21 மடங்கு வரை வரும் என்பது அவர்கள் மதிப்பீடு.

நீங்கள் சோம்பேறி இல்லை, ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்பதை எண்ணில் காட்டிய ஆய்வு இது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அரைநாள் ஆள் போடுவது பெரிய செலவு, அதை மறுக்கவில்லை. ஆனால் செலவைப் பேசுகிறவர்கள் அந்த 13 மடங்கையும் சேர்த்துப் பேசட்டும். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் முடியாதென்றால், முதலில் எந்த மையங்களுக்கு? என்னைக் கேட்டால் செங்கல் சூளைப் பக்கமும் மலைக்கிராமத்திலும் தொடங்கச் சொல்வேன். மாவட்டத் தலைநகருக்குப் பக்கத்தில் தொடங்கினால் அமைச்சர் வந்து பார்க்க வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

அறிவு பிறப்பிலேயே வருவது. ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் செலவு செய்து என்ன ஆகப்போகிறது? நான் தவறாகப் பேசினால் திருத்துங்கள்.
வாசகர், கோயம்புத்தூர்

திருத்தச் சொல்லிவிட்டீர்கள், அப்படியே செய்கிறேன். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களின் பிற்பகுதியில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழு, ஏழைப் பகுதிகளில் 9 முதல் 24 மாதம் வரையான, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சுகாதார உதவியாளர், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. அந்த உதவியாளர் உள்ளூர்ப் பெண்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வீட்டில் கிடக்கும் பொருளில் செய்த பொம்மையை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டுவார். இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தால், அப்படி விளையாடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்திலேயே நல்ல உயரத்தோடு இருந்த பிள்ளைகளுக்கு ஏறக்குறையச் சமமாக வந்துவிட்டார்கள்.

அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பீர்கள் என்று தெரியும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகரில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் 123 கறுப்பினப் பிள்ளைகள் இருந்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு கூட்டத்தைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், இன்னொரு கூட்டத்தை அனுப்பவில்லை. அங்கே மதிப்பெண்ணில் வந்த உயர்வு சில ஆண்டுகளில் மங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது அந்தப் பள்ளிக்குப் போனவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கைதானதும் குறைவு. பிறப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தால், குலுக்கலில் பிரித்த இரண்டு கூட்டத்துக்கும் இந்த வேறுபாடு எங்கிருந்து வரும்?

பேத்திக்கு ஒன்றரை வயது. கைபேசியில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுகிறாள். அதில் அறிவு வளருமா?
பாட்டி, காரைக்குடி

வளராதும்மா. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். நீங்களே பாடுங்கள். சுருதி தப்பினால் அவளுக்கென்ன தெரியப்போகிறது.

என் மகனுக்கு நாலு வயது. "முரட்டுப் பையன், அடுத்த பிள்ளையை அடிக்கிறான், நாளையிலிருந்து கூட்டி வராதே" என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளும்தான் அடிக்கிறார்கள். நாங்கள் காலனி ஆட்கள். இதை யாரிடம் சொல்வது?
ஒரு தாய், மதுரை மாவட்டம்

மகளே, உன் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. அமெரிக்க அரசு 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பாலர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் 18 சதவீதம். ஆனால் ஒரு தடவைக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்ட பிள்ளைகளில் அவர்கள் 48 சதவீதம். நாலு வயதுப் பிள்ளையை இடைநீக்கம் செய்கிறார்கள், யோசித்துப் பார். யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் குழு, 2016இல், ஆசிரியர்களிடம் ஒரு காணொளியைக் காட்டி "இதில் யாராவது சேட்டை செய்கிறார்களா என்று பாருங்கள்" என்றது. காணொளியில் யாருமே சேட்டை செய்யவில்லை. ஆசிரியர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி பதிவு செய்தது. அதிகமாகப் போனது கறுப்பினச் சிறுவன் மீது. இங்கே எந்தத் தெருப் பிள்ளை மீது போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. வராதே என்று வாயால் சொன்னதை ஏற்காதே. அங்கன்வாடி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே உத்தரவிட்டிருக்கிறது. நாளைக்கும் கூட்டிப் போ, கூடவே ஒருவரை அழைத்துக்கொள். மேற்பார்வையாளரிடம் பேசு. சரிவரவில்லை என்றால் வட்டாரத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத்தில் மனு கொடு. அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். மனுவில் தேதி, சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் மூன்றும் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே. பையனைப் பற்றியும் ஒன்று: பேச்சு தாமதமாக வரும் பிள்ளையும் காது சரியாகக் கேட்காத பிள்ளையும் வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் காதை ஒருமுறை பார்த்துவிடு. எதுவும் இல்லாமல் போகலாம். பார்த்துவிட்டால் நல்லது.

சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். குழந்தைப் பருவக் கொள்கை ஆய்வில் இறங்க ஆசை. களத்தில் ஒரு குழுவை நடத்த வேண்டுமென்றால் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
மாணவி, சென்னை

முன்னால் நடந்தவர்களைத் தெரிந்துகொள். பள்ளிக்கு முந்தைய பிள்ளைகள் பற்றிய மத்திய அரசுக் குழுவின் அறிக்கை 1972இல் வந்தது, மீனா சுவாமிநாதன் தலைமையில். மூன்றே ஆண்டில், 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஓர் அறிக்கை அலமாரிக்குப் போகாமல் ஊருக்குப் போனதற்கு அது உதாரணம். அப்புறம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிலை பற்றி 2006இல் வந்த 'ஃபோகஸ்' அறிக்கையைப் படி. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் மையம் மையமாகப் போய்ப் பார்த்து எழுதியது. நம் மாநிலம் அதில் நன்றாகவே தேறியது.

களத்துக்கு வருவோம். ஆய்வுக்கு எடுக்கும் பிள்ளைகளின் மாதிரிப் பட்டியலை மையத்துப் பதிவேட்டிலிருந்து எடுக்காதே. எடுத்தால் தருமபுரி வாசகருக்குச் சொன்ன காலனி உன் ஆய்விலும் விடுபடும். தெருத் தெருவாகப் போய் நீயே வீட்டுப் பட்டியல் போடு. செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பங்களைத் தை மாதத்துக்கு மேல்தான் பார்க்க முடியும். சொந்த ஊர்ப் பதிவேட்டில் 'வெளியூர்' என்று இருக்கும், சூளை இருக்கும் ஊரின் பதிவேட்டில் எதுவுமே இருக்காது. மாற்றுத்திறன் பிள்ளை உண்டா என்று நேரடியாகக் கேட்டால் பல வீடுகளில் இல்லை என்பார்கள். "மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நடப்பதில், கேட்பதில், பேசுவதில் சிரமப்படுகிறானா?" என்று ஒவ்வொன்றாகக் கேள். இதற்காகவே யுனிசெஃப் 2016இல் வெளியிட்ட கேள்வித்தொகுப்பு இருக்கிறது.

அம்மாக்களைப் பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்க்காதே. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவள் வேலைக்குப் போகாத அம்மா, உன் ஆய்வு அவளுடைய ஆய்வாகிவிடும். மாலை ஆறரைக்குப் போ. அவள் அடுப்பு மூட்டும் நேரம், பதில் பாதி சமையலோடு வரும், பரவாயில்லை. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரி. இருட்டிய பிறகு ஊர் திரும்ப உன் குழுப் பெண்களுக்கு வண்டி வேண்டும். அதைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுது. நிதி தருகிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். விடாதே.

முடிவுகளை ஆங்கிலத்தில் இதழுக்கு எழுதுவாய், எழுது. அதற்கு முன்னால் தமிழில் இரண்டு பக்கம் போட்டு வட்டார அலுவலருக்கும் பணியாளர்களுக்கும் கொடு. பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. துறையின் கணக்கு வழக்கு அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். உன் தாள் தீபாவளிக்குள் மேசைக்குப் போகட்டும்.