குட்டி ஹஸ்கியை வீவக வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறோம். மகன் ‘அலாஸ்கன் கிளீ காய்’ என்னும் குட்டி ஹஸ்கி நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பத்துக் கிலோவைத் தாண்டாது, வீவக விதிக்குப் பொருந்தும் என்று சொல்லி நாய் விற்கும் முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவர் பதில்: கொடுக்காதீர்கள். விதி, 40 சென்டிமீட்டர் உயரம், 10 கிலோ எடை என்பதோடு முடிவதில்லை. அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் அந்த நாயின் பெயரும் இருக்கவேண்டும். கிளீ காய் அதில் இல்லை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். நாயையும் அனுப்பிவிட வேண்டியிருக்கும். அன்றைக்கு அழும் பிள்ளையைத் தேற்ற முகவர் வரமாட்டார்.

1970களில் அலாஸ்காவின் வசில்லாவில் லிண்டா ஸ்பர்லின் என்பவர் ஹஸ்கியோடு சிறிய நாய்களைச் சேர்த்து உருவாக்கிய இனம் இது. சேர்த்தவற்றுள் ஸ்கிப்பர்கியும் ஒன்று. அது வீவக பட்டியலில் இருக்கிறது. முகவர்கள் பிடித்துத் தொங்குவது இந்த நூலிழையில்தான். என் மேசைக்கு ஒரு குட்டி வந்தது. கண்ணைச் சுற்றி ஹஸ்கியின் முகமூடி, முதுகின் மேல் சுருண்ட வால். தாளில் ‘ஸ்கிப்பர்கி கலப்பு’ என்று எழுதியிருந்தது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்க ஆளில்லை. நாய் வளர்க்கும் உரிமம் உங்கள் பெயரில்தான் இருக்கும். பொய்க்கும் நீங்களே பதில் சொல்லவேண்டும்.

உயரத்திலும் ஏமாற்றுவார்கள். இந்த இனத்தில் மூன்று அளவுகள் உண்டு. பெரியது 43 சென்டிமீட்டர் வரை வளரும். எட்டு வாரக் குட்டியைக் கையில் தூக்கிக் காட்டி ‘இதுதான் மிகச் சிறியது’ என்றால் எப்படித் தெரியும்? தவிர, அந்நியரைக் கண்டால் ஒதுங்கும், வாய் ஓயாது. வருடத்துக்கு இருமுறை அடிமுடி பஞ்சுபோலக் கொத்துக் கொத்தாக உதிரும்.

பட்டியலின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஓரிடத்தில் நிற்காத ஜாக் ரசல் டெரியருக்கு அனுமதி. சாதுவான எத்தனையோ நாய்களுக்குக் கதவடைப்பு. குணத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்க்கும் விதி இது. எத்தனை முறைதான் சொல்வது! ஆனாலும் அந்தச் சண்டையை உங்கள் வீட்டில் ஒரு குட்டியை வைத்துப் போடவேண்டாம்.

பட்டியலுக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது: ‘அடோர்’ திட்டம். மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு மட்டுமே உரியது. உயரம் 55 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், எடைக்கு வரம்பில்லை. திட்டத்தில் பங்கேற்கும் விலங்குநல அமைப்பின் வழியாகத்தான் தத்தெடுக்க முடியும். கீழ்ப்படிதல் பயிற்சியும் கட்டாயம். மறுபடியும் சொல்கிறேன், அமைப்பின் வழியாக மட்டுமே. ‘கிளீ காயையும் அடோரில் சேர்த்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு இன நாய்க்கு அதில் இடமில்லை; பணம் கொடுத்து வாங்கும் நாய்க்கும் இடமில்லை.

ஒரு வார இறுதியில் மகனை அப்படியோர் அமைப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். நான்கைந்து நாய்களோடு அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.