அமெரிக்காவில் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது? பள்ளி வரிப் பணமெல்லாம் எங்கே போகிறது?

சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது, ஆனாலும் வருடா வருடம் எதையாவது வெட்டுகிறார்கள், இதில் ஸ்கூல் போர்டுக்கு (ஊர்ப் பள்ளிகளை மேற்பார்வையிட மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு) ஓட்டுப் போட்டு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினான்கு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மற்ற மாநிலங்களின் நடைமுறை வேறு, அதனால் இங்கே பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. செப்டம்பரிலிருந்து எங்கள் பகுதிக்குப் பள்ளி பஸ் கிடையாதாம். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளி 1.7 மைல். மாநிலச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல் இருந்தால்தான் பஸ் விட்டாக வேண்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது சலுகைதான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் அந்த வழியில் நடந்து பார்த்தோம். பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் நடைபாதை நின்றுவிட்டது. அப்புறம் சரிவான புல்தரை, பக்கத்திலேயே கார்கள் பறக்கின்றன. "அம்மா, பனி கொட்டினால் எதில் நடப்பது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கோபத்தோடு செப்டம்பர் மாதக் கூட்டத்துக்குப் போய் மைக்கில் பேசினேன். கூட்டம் முடிந்ததும் போர்டு உறுப்பினர் ஒருவர் என்னைத் தேடி வந்து பொறுமையாகச் சொன்னார்: "இது மார்ச் மாத வரைவு பட்ஜெட்டிலேயே இருந்தது. மே மாதம் பொது விசாரணை வைத்தோம். அன்றைக்கு வந்தது பதினோரு பேர்." அந்த மே மாதம் நான் ஊரில்தான் இருந்தேன். அதற்கு முந்தைய நவம்பரில் ஓட்டுப் போட்டபோது, ஸ்கூல் போர்டு பெயர்கள் இருந்த பகுதியைத் தொடாமல் வந்ததும் நினைவுக்கு வந்தது. ஒரு பெயரும் தெரியாது, கட்சி அடையாளமும் அங்கே இருக்காது. அதனால் விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பட்ஜெட்டை எடுத்து வாசித்தேன். 'யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்' என்ற பெயரில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். மேலதிகாரிகளின் சம்பளம்தான் பணத்தை விழுங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது ஒரு சிறு பகுதிதான். ஆசிரியர் சம்பளம், ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு, பஸ், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி, இவைதான் பெரிய செலவுகள். உள்ளூர்ப் பள்ளியில் தேவையான வசதி இல்லாத பிள்ளையை வெளியே தனிப் பள்ளிக்கு அனுப்பினால், ஒரு பிள்ளைக்கே வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் தாண்டுவது உண்டு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த விசாரணையில் ஒருவர் எழுந்து, அந்தப் பிள்ளைகளால்தான் நம் பிள்ளைகளின் பஸ் போனது என்று பேசினார். எனக்கு முன் வரிசையில் அப்படி ஒரு பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். 1975இல் சிறப்புக் கல்விக்குச் சட்டம் போட்டபோது, இந்தக் கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு சொன்னது. இப்போது தருவது 15 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சம் மாநிலத்தின் தலையிலும் நம் சொத்து வரியிலும் விழுகிறது. கோபப்படுவதென்றால் அங்கே படுங்கள், பிள்ளைகள் மேல் வேண்டாம்.

போர்டைக் கேள்வி கேட்க வேறு நியாயமான இடங்கள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் மத்திய அரசிடமிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளுக்குச் சுமார் 190 பில்லியன் டாலர் வந்தது. கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் ஒதுக்கி முடிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை மட்டும் வரும் அந்தப் பணத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த இடங்களில் இப்போது துண்டு விழுகிறது. உங்கள் ஊரில் அதை எதற்குச் செலவழித்தார்கள் என்று கேளுங்கள். கூரை பழுதுபார்ப்பை எத்தனை வருடமாகத் தள்ளிப்போட்டார்கள் என்றும் கேளுங்கள்.

சரி, ஓட்டுக்கு வருகிறேன். முன்பு இங்கே பள்ளித் தேர்தல் ஏப்ரலில் தனியாக நடந்தது. ஆட்களோடு பட்ஜெட்டையும் மக்களே ஓட்டுப் போட்டு ஏற்கலாம், நிராகரிக்கலாம். 2012இல் வந்த சட்டம் தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. அப்படி மாறிய இடங்களில், வருடாந்திரப் பள்ளி வரி உயர்வு மாநிலம் வைத்த 2 சதவீத வரம்புக்குள் இருந்தால் பட்ஜெட் ஓட்டுக்கே வராது. என் டிஸ்ட்ரிக்ட் உட்படப் பெரும்பாலானவை மாறிவிட்டன. அந்த வரம்புக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் 2022இல் விலைவாசி 8 சதவீதம் ஏறியதை நினைத்துப் பாருங்கள், ஏதாவது ஒன்றை வெட்டியே தீர வேண்டும். எதை வெட்டுவது என்பதை முடிவு செய்வது போர்டு உறுப்பினர்கள், பெரும்பாலும் ஒன்பது பேர். மூன்று வருடப் பதவி, சம்பளம் கிடையாது. அந்த ஒன்பது பேரைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் நம் கையில் மிச்சம் இருக்கிறது. சில நூறு ஓட்டில் முடிவாகிற தேர்தல் இது, சில ஊர்களில் அதற்கும் குறைவு.

எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது. ஆனால் போர்டின் எல்லாப் பொதுக் கூட்டத்திலும் மக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பேசுவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. மார்ச் மாதம் வரைவு வந்ததும் வாசித்துவிட்டு, ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ நடக்கும் விசாரணைக்குப் போங்கள்.

நாங்கள் ஆறு குடும்பங்கள் அந்தப் புல்தரையைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த மார்ச்சில் போனோம். எல்லாப் பஸ்ஸும் திரும்ப வரவில்லை. நடைபாதை இல்லாத அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு பஸ் விட்டார்கள். மகள் இப்போது ஹைஸ்கூல் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் தினமும் காலை 7:20க்கு அதில்தான் ஏறுகிறான்.