முதலமைச்சர் பதவியில் இருப்பவர் மீதான குற்ற வழக்கு நேர்மையாக நடக்க முடியுமா?

முடியும். ஆனால், அது அரசுத் தரப்பு வழக்கறிஞரை நியமிப்பது யார் என்பதைப் பொறுத்தது. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்து வந்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இது.

1991 முதல் 1996 வரை மாதம் ஒரு ரூபாய் ஊதியம் பெற்ற முதலமைச்சர், வருமானத்துக்கு மீறி 66.65 கோடி ரூபாய் அளவுக்குச் சொத்துச் சேர்த்தார் என்பதே குற்றச்சாட்டு. சென்னையில் விசாரணை நடந்துகொண்டிருக்கையில், 2001இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அதன்பின், ஏற்கெனவே சாட்சியம் அளித்திருந்த 76 பேர் குறுக்கு விசாரணைக்கெனத் திரும்ப அழைக்கப்பட்டு, அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞரோ அதை எதிர்க்கவும் இல்லை, அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கக் கோரவும் இல்லை. வழக்கை நடத்த வேண்டிய அரசுக்குத் தலைமை வகித்தவரே குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருந்தபோது, வேறென்ன நடந்திருக்கும்?

தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் தொடுத்த மனுவின் பேரில், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியதோடு, கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து அம்மாநில அரசே வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு இல்லாதிருந்தால், நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்து பெங்களூர் சிறப்பு நீதிமன்ற நீதிபதி குன்ஹா 27.9.2014 அன்று வழங்கிய தீர்ப்பு வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

மேல்முறையீட்டிலும் அதே சிக்கல் தலைதூக்கியது. உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் தோன்றிய வழக்கறிஞரைத் தமிழ்நாடு அரசு நியமித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரலில் கூறிய போதிலும், வாதங்களை மறுபடி கேட்க உத்தரவிடவில்லை. அடுத்த மாதமே ஜெயலலிதாவும் அவருடன் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் விடுவிக்கப்பட்டனர். அந்தத் தீர்ப்பில், வருமானமாகக் கணக்கிடப்பட்ட கடன் தொகைகளின் கூட்டல் 10.67 கோடியாக வர வேண்டியது, 24.17 கோடி என்று இருந்தது.

ஆகவே, பதவியில் இருப்பவர் மீதான வழக்குகளில் அரசு வழக்கறிஞரை உயர் நீதிமன்றமே நியமிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றப் படியேறினால்தான் அது நடக்கும் என்ற நிலை தொடரக் கூடாது. இந்த வழக்கில் இறுதித் தீர்ப்பு 2017 பிப்ரவரி 14 அன்று குன்ஹாவின் முடிவை நிலைநிறுத்தியபோது, முதல் குற்றவாளி இறந்து இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. மற்ற மூவர் மட்டுமே சிறைக்குச் சென்றார்கள்.