வெள்ளை பூத்த ஷூவுக்கு 1,200 ரூபாய் வைத்தியமா?

கேள்வி: என் கல்யாணத்துக்கு வாங்கிய பழுப்பு நிற லெதர் ஷூ, விலை 5,800 ரூபாய். நாலு வருடத்தில் ஏழெட்டு முறைதான் போட்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடையில் 'லெதர் ட்ரீட்மென்ட்' என்று 1,200 ரூபாய் கேட்கிறார்கள். அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். அடுத்த மாதம் மச்சான் கல்யாணம். என்ன செய்யட்டும்? (வாசகர், தாம்பரம்)

பதில்: அந்த 1,200 ரூபாயை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், வேறு செலவு வரலாம். தேங்காய் எண்ணெயை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் எண்ணெயைக் குடிக்கும். அந்தக் காலச் செருப்புக்கு அது சரி. இன்றைய ஆபீஸ் ஷூ பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டு, மேலே சாயப்பூச்சு அடித்த தோல். எண்ணெய் தையல் துளை வழியாக மட்டும்தான் உள்ளே இறங்கும். அந்த இடம் கறுக்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை வரும்.

பூத்ததெல்லாம் பூஞ்சை என்று முடிவு கட்ட வேண்டாம். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இளஞ்சூட்டில் அரை நிமிடம் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது கொழுப்பு. தோலை மெதுவாக்க டேனரியில் ஏற்றிய எண்ணெய்தான் வெளியே கசிந்திருக்கிறது. சூடு ஆறுவதற்குள் பழைய பனியன் துணியால் துடைத்தெடுங்கள். மறுபடி பூத்தால் மறுபடி துடையுங்கள், ஷூவுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

சூட்டுக்கும் அசையாமல் பஞ்சுபோல் நின்றால், மண்வாடையும் அடித்தால், பூஞ்சைதான். மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். படுக்கையறையில் தட்டினால் அடுத்து உங்கள் பெல்ட்டில் பூக்கும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, உள்ளும் புறமும் ஒரு தடவை துடையுங்கள். நாக்குப் பகுதியின் உள்பக்கம் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், சாயம் கழன்றால் நிறுத்திவிடுங்கள். இன்ஸோலைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாகக் காயவையுங்கள். ஃபேன் காற்றில், நியூஸ்பேப்பர் திணித்து இரண்டு நாள். வெயிலில் வைக்கவே கூடாது, தோல் விறைத்து வெடிக்கும்.

இப்போது அந்த 'ட்ரீட்மென்ட்' கதை. ஆம்பூரில் ஷூ ஃபினிஷிங் பிரிவில் 26 வருடம் இருந்துவிட்டு வெளியே வந்த பிறகு, நண்பர் ஒருவரோடு அப்படியொரு கடைக்குப் போய் நின்று பார்த்தேன். ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஸ்பாஞ்ச் வைத்த பாட்டிலில் இருந்து திரவ பாலிஷ் ஒரு பூச்சு. கடைசியாக ஏதோ ஒரு ஸ்பிரே, அதற்கு 'நானோ' என்று பெயர். பத்தே நிமிடம், பில்லில் நாலு இலக்கம். உள்பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பூஞ்சை அங்கேதான் இருந்தது. அந்தத் திரவ பாலிஷ் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஏடு மாதிரி. கடை விளக்கில் கண்ணாடியாய் மின்னும். விரல் மடங்கும் இடத்தில் நாலு நாளில் பாளம் பாளமாய் வெடிக்கும். வெடிப்பை மறைக்க இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. பிறகு 'தோல் செத்துப்போச்சு சார், புதுசு வாங்கிடுங்க' என்பார்கள். செத்தது தோல் அல்ல, மேலே அவர்கள் பூசிய ஏடு.

இந்த ஏமாற்றுக்கு இடம் கொடுப்பது, கையில் இருப்பது என்ன தோல் என்றே நமக்கு யாரும் சொல்லாததுதான். ஐரோப்பாவில் விற்கும் ஷூவில் மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று குறி போட்டாக வேண்டும். 1994-லேயே வந்த விதி. விரித்த தோலின் படம் இருந்தால் தோல், அதற்குள் சாய்சதுரம் இருந்தால் பூச்சுத் தோல், வெறும் சாய்சதுரம் என்றால் தோலோ துணியோ இல்லாத வேறு பொருள். அந்தச் சீட்டை நாங்களே ஆயிரக்கணக்கில் ஒட்டி அனுப்பியிருக்கிறோம். ஆம்பூரில் தைத்த ஷூ ஜெர்மனிக்காரனுக்கு உண்மையைச் சொல்கிறது. தாம்பரத்துக்காரருக்கு 'ஜெனியூன் லெதர்' என்று ஒரு தங்க முத்திரையோடு சரி. தூளை ஒட்டிச் செய்த தோலிலும் அந்த முத்திரையைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'லோக்கல் மார்க்கெட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை' என்பார்கள்.

சீட்டு இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். குதிகால் பக்கம் வையுங்கள். உறிஞ்சி நிறம் கறுத்தால் மேலே பூச்சு அடைக்காத திறந்த தோல். அதற்கு கிரீம் பாலிஷ் பட்டாணி அளவு, துணியால் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு பிரஷ். சொட்டு உருண்டு நின்றால் பூச்சுத் தோல். அதற்கு கிரீமை இன்னும் கொஞ்சமாக எடுங்கள், உள்ளே போக வழியில்லை. டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் விரல் முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும். மடிப்பில் பூசினால் உதிரும். நிறம் சரியாகக் கிடைக்காவிட்டால் ஷூவைவிட ஒரு பங்கு வெளிறியதை வாங்குங்கள். இவ்வளவுதான் பாலிஷ். யூடியூப்காரர்கள் காட்டும் பதினெட்டு டப்பா எதற்கென்று எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. நாலு வருடம் பெட்டியில் இருந்த ஷூ என்கிறீர்கள். அடிப்பகுதி என்ன? கையில் தூக்கினால் காற்றாய் இருந்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளமாகித் திரும்ப எழுந்தால், அது பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையில் வார்த்தது. தோலை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் இது கழுத்தை அறுக்கும். காற்றின் ஈரம் அந்த நுரைக்குள் போய், வருடக்கணக்கில் அதன் கட்டுமானத்தை உள்ளிருந்தே பிரித்துக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் லேசாகப் பிசுபிசுக்கும், பிறகு கேக் மாதிரி உதிரும். நான் பார்த்தவரை, தினம் போட்டு நடந்த ஷூவைவிட பெட்டியில் தூங்கிய ஷூவுக்குத்தான் இது அதிகம். முகூர்த்தக் கூட்டத்தில் கறுப்புத் துண்டுகளைத் தரையில் சிந்திக்கொண்டே நடந்த மாப்பிள்ளைத் தோழர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் சோலுக்கும், உருக்கி வார்க்கும் ரப்பர் வகையான டி.பி.ஆர். சோலுக்கும் இப்படி ஆகாது. தோல் சோலுக்கும் ஆகாது, ஓரத்தில் நார் தெரிந்தால் அது தோல். பி.யூ. என்றால் எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் கணக்கில்லை. ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள், மடிப்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பாலிஷ் போடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், உழைப்பாவது மிஞ்சும்.

எல்லாம் சரியாக இருந்தால் இந்த வாரமே வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டு நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். துகள் உதிர்ந்தால் ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், பசை பிடிக்காது. நல்ல செருப்பு தைப்பவராகப் பார்த்து, ரப்பர் சோல் மாற்றித் தைத்துத் தரச் சொல்லுங்கள். பத்திரமாக வைக்கச் சொன்ன அந்த 1,200 ரூபாய் இருக்கிறதல்லவா, அதை அவரிடம் கொடுங்கள்.