அம்மாவைக் காரில் விட்டுவிட்டா?

அன்புள்ள அண்ணனுக்கு,

சொந்த ஊர் பாம்பன், இப்போது கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஜூலையில் பிள்ளைகளோடு இங்கே ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற ஸ்கை தீவுக்குப் போவதா, மல் தீவுக்கா என்று குழப்பம். கூடாரம் போடலாம் என்கிறாள் மகள். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மலையேற முடியாது, நாங்கள் இறங்கிவரும்வரை காரில் இருக்கட்டும் என்று நினைக்கிறோம். ஊரில் கடற்பாசி எடுக்கப் போனவர், கடலைப் பார்த்தே பொழுதை ஓட்டிவிடுவார். உங்கள் யோசனை?

கே.

அன்புள்ள தம்பி,

ஸ்கைக்கே போ. 1995-லேயே பாலம் வந்துவிட்டது, படகுக்குக் காத்திருக்க வேண்டாம். கூடாரம் போட்டால் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி பிய்த்துவிடும், காற்றடிக்கிற இடமாகப் பார். மழைக்கோட்டு, சாப்பாடு எல்லாம் உன் பாடு.

அதெல்லாம் கிடக்கட்டும். பாசி எடுத்த மனுஷியைக் காரில் பூட்டிவைத்துவிட்டு எந்த மலையில் ஏறி என்ன பார்க்கப் போகிறாய்? நம்மூர்ப் பக்கம் சின்னப்பாலம் கிராமத்தில் அந்தப் பெண்கள் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாறை அறுக்காமலிருக்க விரல் விரலாகத் துணிக்கிழிசலைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு, காலில் அலுமினியத் தட்டைத் துடுப்பு மாதிரி கட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டையோடு மூச்சடக்கி முங்குவார்கள். மேலே வரும்போது இடுப்புப் பையில் மரிக்கொழுந்துப் பாசி இருக்கும். உன்னைப் படிக்கவைத்த காசு எங்கிருந்து வந்தது என்று யோசித்தாயா? உன் பிள்ளைகளுக்கு இதில் ஏதாவது தெரியுமா?

ஸ்கையில் டன்வெகன் என்கிற ஊரைத் தாண்டி கிளேகனில் காரை நிறுத்து. ஒரு மைலுக்குச் சற்று அதிகம், பெரிய ஏற்றம் இல்லை, மெதுவாக நடந்தால் பவளக் கடற்கரை. பேர்தான் பவளம், அங்கே கிடக்கிற வெள்ளைத் துண்டெல்லாம் சுண்ணாம்பேறிய பாசி. நீ முந்திக்கொண்டு சொல்லாதே, அம்மா அள்ளிப் பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பக்கத்துச் சனங்களும் 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பாசியை எரித்து, சாம்பலைக் கண்ணாடிக்கும் சோப்புக்கும் அனுப்பியவர்கள்தான், லாபம் நிலக்கிழாருக்கு. இதைச் சொன்னால் உன் அம்மாவுக்கு ஆச்சரியமே இருக்காது, நம்மூர் வியாபாரியைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகள் கேட்கட்டும்.

ஒன்று மட்டும் நீ அவருக்குச் சொல்லவேண்டும். நம் பக்கம் நீர் ஏறி வற்றுவது ஒரு மீட்டர்கூட இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலைந்து மீட்டர். நேரம் பார்த்து, வற்றும்போது இறங்குங்கள், ஏறத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். தண்ணீர் வேறு பயங்கரக் குளிர். பாசியைக் கண்டதும் முங்கத்தான் பார்ப்பார், நீ சொன்னால் கேட்கமாட்டார். பேத்தியை விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்.